பதின்மூன்றாம் நம்பர் வாணலி

புதன்கிழமை காலை வில்டா பிரஷியரின் இடதுகை ஆள்காட்டி விரல் வெந்துபோனது. ரப்பர் கையுறையில் ஊசிமுனை அளவு ஓட்டை. அழுக்கைக் கரைக்கும் காஸ்டிக் சோடாத் தொட்டிக்குள் கையை விட்டு யாரோ கொடுத்த அழுக்கு வாணலியைத் தூக்கும்போது காரம் உள்ளே கசிந்திருக்கிறது. காரம் உடனே எரியாது. முதலில் சோப்பு மாதிரி வழுவழுவென்று இருக்கும், அப்புறம்தான் வேலையைக் காட்டும். அரைமணி நேரம் குழாயடியில் விரலை வைத்திருந்தும் நுனி வெளுத்து, கொப்புளம் கட்டி, தொட்டால் யாருடைய விரலோ என்பதுபோல் ஆகிவிட்டது.

வேறு யாராவது என்றால் களிம்பு தடவிக் கட்டுப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். வில்டா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை, மாதம் ஒரு முறை கூடும் வாணலிச் சந்தை. அவளிடம் மிச்சம் இருந்த ஒரே காது அந்த விரல்தான். இது ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

டென்னசி மலைப்பக்கத்தில் பவுடர் க்ரீக் என்கிற ஊர் அது. அங்கே பழைய வார்ப்பிரும்பு வாணலி சேர்க்கிறவர்களிடம் போய், "ஒரு வாணலிக்கு இத்தனை அமர்க்களமா?" என்று கேட்டுவிடக் கூடாது. அன்றைய சாப்பாடு போச்சு, உட்காரவைத்துப் பாடம் எடுத்துவிடுவார்கள். பழசு என்பதற்காக மட்டும் எதற்கும் விலை வந்துவிடாது. எட்டாம் நம்பர் அளவு வாணலி வீட்டுக்கு வீடு தொங்குகிறது, அதை யார் சீந்துவார்கள்? ரெட்ஃபர்ன் வார்ப்பட ஆலை மூடி எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர்கள் வார்த்த பதின்மூன்றாம் நம்பர் கிடைப்பது குதிரைக் கொம்பு. பதின்மூன்று ராசியில்லாத எண் என்று அந்தக் காலத்துப் பெண்கள் கடையில் தொடக்கூட மாட்டார்களாம். விற்காததை ஆலைக்காரன் எதற்கு வார்க்கிறான், கொஞ்சம் வார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அன்றைக்கு வேண்டாம் என்று ஒதுக்கியதற்கு இன்றைக்கு அடிதடி.

நம்பர் மட்டும் போதாது. கண்ணாடித் தட்டின் மேல் வைத்தால் ஆடாமல் உட்கார வேண்டும். அடியில் ஆலை முத்திரை மழுங்காமல் தெரிய வேண்டும். நிலக்கரி அடுப்பின் கந்தகம் தின்ற குழிகள் இருந்தால் விலை பாதி. மெஷின் வைத்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தால் அதிலும் பாதி. இதெல்லாம் கண்ணால் பார்த்துவிடலாம். பார்க்க முடியாதது ஒன்று உண்டு, அதுதான் விரிசல். மயிரிழை விரிசல், எண்ணெய் காய்ச்சிப் பழக்கிய கறுப்புப் படிவத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டு, வாங்கினவன் அடுப்பில் ஏற்றும் நாள்வரை சாதுவாகக் கிடக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, வாணலியை ஒரு விரலில் தொங்கவிட்டு மரக்குச்சியால் தட்டுவது. முழுசாக இருந்தால் கணீரென்று மணிபோல் ஒலித்து, அந்த ஒலி நீண்டு போகும். விரிசல் இருந்தால் டொக் என்று செத்துவிடும்.

அந்தத் தட்டிப் பார்க்கிற வேலை பதினான்கு வருஷமாக வில்டாவுடையது. சந்தை நடக்கும் தீயணைப்பு நிலையக் கூடத்தில் மேடைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி. அவள் "முழுசு" என்றால் ஏலம் ஆரம்பம். "விரிசல்" என்றால் கொண்டுவந்தவன் வாயை மூடிக்கொண்டு எடுத்துப் போக வேண்டியதுதான். அதற்கு முன்னால் இருபத்தேழு வருஷம் காலுறை மில்லில் வேலை பார்த்தவள். அங்கே வரிசை வரிசையாகப் பின்னல் மெஷின்கள் போடும் இரைச்சலில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை, கூப்பிட்டாலும் கேட்டிருக்காது. இங்கே அவள் ஒரு வாணலியைத் தூக்கினால் இருநூறு பேர் பேச்சை நிறுத்துகிறார்கள். அந்த அமைதி அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லி முடியாது. புருஷன் லெஸ்டர் போன பிறகு, அந்த நாற்காலிக்காகத்தான் அவள் காலையில் எழுந்திருந்தாள் என்றே சொல்லலாம்.

மில் கொடுத்த சம்பளம் செலவாகிவிட்டது. மில் கொடுத்த செவிடு ஒன்றரை வருஷத்துக்கு முன்னால்தான் வந்து சேர்ந்தது. கெட்டில் கூவவில்லை என்று நினைத்து அதைக் கரியவிட்டாள். அந்த வசந்தத்தில் குருவிகளே இல்லை என்று நினைத்தாள். மனிதர்கள் பேசுவது கேட்டது, லாரி கேட்டது, கீச்சென்ற சத்தங்கள் மட்டும் போய்விட்டன. அந்த ஒலிகள் இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காது மெஷின் வாங்கிப் பார்த்தாள், அதில் நல்ல வாணலியும் தகரம், கெட்ட வாணலியும் தகரம். எடுத்து இழுப்பறையில் போட்டாள்.

அப்புறம் அவளாகவே கண்டுபிடித்ததுதான் விரல். நல்ல வாணலியைத் தட்டினால் தாங்கியிருக்கும் விரலில் ஒரு அதிர்வு ஓடும், அது சிறிது நேரம் நின்று அடங்கும். விரிசல் விட்டதில் அந்த ஓட்டமே இருக்காது. வீட்டுச் சுவரில் தொங்கிய அத்தனையையும் தட்டித் தட்டி மூன்று வாரத்தில் விரலைப் பழக்கிவிட்டாள். வலது கையில் முடியாது, அந்த விரல்கள் மில் ஊசியில் எப்போதோ மரத்துப்போனவை. இப்போது இடதும் போயிற்று.

சனிக்கிழமை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்தான். காய்ச்சல் என்று ஒரு போன். ஆனால் அந்தச் சனிக்கிழமை பதின்மூன்றாம் நம்பர் ஒன்று வருவதாக ஒரு மாதமாக ஊரே பேசிக்கொண்டிருந்தது. அவள் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று பேசுவார்கள். போனாள்.

கூடத்தில் நுழைந்ததுமே, தாடி வைத்த ஒரு ஆள் சிவந்துபோன வாணலி ஒன்றை நீட்டினான்.

"மிஸ் வில்டா, இது எங்க மாமனாருது. நல்லா சுத்தம் பண்ணியிருக்கேன்."

"எதுல?"

"குப்பை எரிக்கிற பீப்பாயில போட்டேன். எல்லா அழுக்கும் போயிடுச்சு."

"அழுக்கோட வாணலியும் போயிடுச்சு. சுத்தம் பண்ணச் சொன்னா தகனம் பண்ணியிருக்கியே, தம்பி! இரும்பு இப்படிச் சிவந்துட்டா எத்தன எண்ணெய் விட்டாலும் பிடிக்காது. கோணியும் போச்சு பாரு, பம்பரமாச் சுத்துது. தோட்டத்துல பூச்செடி வை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வில்டாவும் சிரித்தாள், கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.

அப்போதுதான் ஐனா ஃபே வந்தாள். மில்லில் பக்கத்து மெஷின், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டே வேலை பார்த்தவள், நாற்பது வருஷ சிநேகிதம். ரெட்ஃபர்ன் வாணலிகளில் இரண்டிலிருந்து பதினான்கு வரைக்கும் சேர்த்து வைத்திருக்கிறாள், நடுவில் ஒரே ஒரு பல் விழுந்த இடம். பத்தொன்பது வருஷமாக அந்தப் பதின்மூன்றைத் தேடுகிறாள்.

"வில்டா! படகை வித்துட்டேன்டி."

"எந்தப் படகை?"

"எத்தன படகு இருக்கு எங்கிட்ட? ஏரிப் படகுதான். ராய்கிட்ட இன்னும் சொல்லல. ராத்திரி பீன்ஸும் சோளரொட்டியும் நல்லா ஆக்கிப் போட்டுட்டுச் சொல்லிக்கலாம்."

"பைத்தியமா உனக்கு? வாணலிய இன்னும் நான் தட்டக்கூட இல்ல."

"நீ தட்டி முழுசுன்னு சொன்னா வாங்குவேன். இல்லன்னா விட்டுடுவேன். எனக்கென்ன கவலை, நீ இருக்கியே." அப்போதுதான் அவள் கட்டைப் பார்த்தாள். "என்னடி கையில? காரமா? புதுக் கையுறை வாங்குடின்னு எத்தன தடவ தலையில அடிச்சுக்கிட்டேன்!"

வில்டா ஏதோ முணுமுணுத்துவிட்டு நாற்காலிக்குப் போனாள். படகு இல்லாமல் ஐனா ஃபேயின் புருஷன் ராய்க்கு உலகமே இல்லை என்று ஊருக்கே தெரியும். நீ இருக்கியே என்று ஐனா ஃபே சொன்னது காரத்தைவிட அதிகமாக எரிந்தது.

பதின்மூன்றைக் கொண்டுவந்தவன் ட்ரூயட் காஸ்னெல், பக்கத்து ஜில்லா வியாபாரி. வாயும் வழுக்கல், கையும் வழுக்கல் என்று பெயர் எடுத்தவன். ஏலக்காரர் டாயில் ராஸ்னிக் வாணலியை உயர்த்திக் காட்டினார். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர், குரல் மட்டும் இன்னும் கடைசி சீட்வரை போகும். "ரெட்ஃபர்ன், பதின்மூணு. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?" என்று அதை வில்டாவின் மேஜையில் வைத்தார்.

வில்டா கண்ணாடித் தட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். மலைபோல் உட்கார்ந்தது. முத்திரை நேற்று அடித்ததுபோல் இருந்தது. குழிகள் இல்லை. ஆனால் எண்ணெய் வடிக்கிற மூக்குப் பக்கத்தில் மட்டும் கறுப்புப் படிவம் திப்பியாக, மற்ற இடத்தைவிட இரண்டு மடங்கு கனமாக இருந்தது. விரிசல் முதலில் விழுகிற இடம் அந்த மூக்குதான்.

"பழக்கினது யாரு?" என்று கேட்டாள்.

"நாந்தான். ஏன், கறுப்பா இருந்தா பிடிக்காதா?" என்றான் காஸ்னெல்.

"அளவா இருந்தா பிடிக்கும்."

தூக்கினாள். கூடம் அடங்கியது. அந்த அமைதி இன்றைக்கு அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. நல்ல கனம், வெந்த விரல் கட்டுக்குள் விண்ணென்று தெறித்தது. குச்சியால் தட்டினாள். குச்சி பட்ட சத்தம் கேட்டது, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. விரலில் வலி மட்டும் இருந்தது. வலிக்குள் அதிர்வைத் தேடினாள், அகப்படவில்லை. இன்னொரு தரம் தட்டினாள்.

முகங்களைப் பார்த்தாள். ஐனா ஃபே சிரித்துக்கொண்டிருந்தாள், ஆனால் அவளுக்கு இன்று தகரத்தைத் தட்டினாலும் இனிக்கும். மற்றவர்கள் வாணலியைப் பார்க்கவே இல்லை, வில்டாவின் வாயைத்தான் பார்த்தார்கள். பதினான்கு வருஷத்தில் அந்தக் கூட்டம் தன் காதை அவளிடம் ஒப்படைத்துவிட்டிருந்தது. அவள் எதைச் சொல்கிறாளோ அதுவே அவர்களுக்கும் கேட்கும்.

கட்டை அவிழ்த்துவிட்டுக் கொப்புளம் உடைந்த விரலில் தொங்கவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. தட்டினாள். ஒன்றுமில்லை.

"என்ன மிஸ் வில்டா, வாணலி தூங்கிடுச்சா?" என்றான் காஸ்னெல். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

முழுசு என்று சொல்லிவிடலாம். அந்தத் திப்பிக்கு அடியில் விரிசல் இருந்தால் ஐனா ஃபேயின் படகு போயிற்று, பத்தொன்பது வருஷமும் போயிற்று. விரிசல் என்று சொல்லிவிடலாம், அதுதான் பத்திரம், ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் வாணலி நல்லதாக இருந்தால், காஸ்னெல் எப்பேர்ப்பட்டவனாக இருந்தாலும், அவன் சோற்றில் மண்ணைப் போட்டது அவளாகிவிடும். எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்ள மாட்டாள் என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"எனக்குத் தெரியல" என்றாள்.

டாயில் சட்டென்று மைக்கை எடுத்தார். "பின்னால பேசாதீங்கப்பா, சத்தமா இருக்கு. வில்டா இன்னொரு தரம் பார்க்கட்டும். அவசரம் என்ன? முதல்ல போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்க எல்லாரும்."

"யாரும் பேசல டாயில்." வில்டா வாணலியை மேஜையில் வைத்தாள். "எனக்குக் காது கேக்கல. இந்தச் சத்தம் ஒன்றரை வருஷமாவே கேக்கல. விரலால பாத்துக்கிட்டிருந்தேன், இப்ப விரலும் வெந்துடுச்சு. வேற யாராவது தட்டிப் பாருங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. ஐனா ஃபேயின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. அவள்தான் கடைசியில் வந்தாள். வில்டாவைப் பார்க்காமல் வாணலியை எடுத்து, கைப்பிடி ஓட்டையில் விரலை விட்டு, குச்சியால் தட்டினாள். வில்டா அவள் முகத்தையே பார்த்தாள். ஐனா ஃபேயின் புருவம் மெல்ல ஏறியது, ஏறின இடத்திலேயே நின்றது.

"பாடுது" என்றாள் ஐனா ஃபே. "கோயில் மணி கெட்டுது போ. காஸ்னெலு, உனக்குப் பழக்கத் தெரியல, அவ்வளவுதான். தார் ரோடு போட்டிருக்கே இதுல."

வாணலி முழுசாகத்தான் இருந்தது. ஏலம் ஆறு நிமிஷம் நடந்து ஐனா ஃபேக்கே முடிந்தது. கூடம் கை தட்டியது. வில்டாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. முழுசு என்று ஒரு வார்த்தை சும்மா சொல்லியிருந்தால் சரியாகப் போயிருக்கும். உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்தது இதுதான், ஒரு நல்ல வாணலிக்காக நாற்காலியைத் தொலைத்தது.

கைதட்டல் அடங்குவதற்குள் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "அப்போ ஜூன்ல எனக்கு முழுசுன்னு குடுத்தது?"

"எங்க ஏழாம் நம்பரு?" என்றாள் இன்னொருத்தி. மூன்றாவதாக ஒருவர், மாற்றிக்கொள்ள எடுத்துவந்திருந்த தன் வாணலியைக் கொண்டுவர லாரியை நோக்கி நடந்தார்.

"கொண்டாங்க" என்றாள் வில்டா. எழுந்து நின்று சொன்னாள். "இந்த ஒன்றரை வருஷத்துல நான் சொன்னது எது இங்க இருந்தாலும் கொண்டாங்க. ஐனா தட்டட்டும். ஒண்ணு விரிஞ்சிருந்தாலும் எங்க வீட்டுச் சுவத்துல இருக்கறதுல பிடிச்சத எடுத்துக்கிட்டுப் போங்க."

பதினோரு வாணலிகள் வந்தன. மேஜை மேல் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்தார்கள். ஐனா ஃபே ஒவ்வொன்றாகத் தூக்கித் தட்டித் தீர்ப்புச் சொன்னாள். முழுசு. முழுசு. ஐந்தாவதை ஐனா ஃபே இரண்டு தரம் தட்டினாள். அதுவும் முழுசு. பதினொன்றும் முடிந்தபோது ஜூன் மாதத்துக்காரர் வந்து அவள் தோளைத் தட்டிவிட்டுத் தன் வாணலியை எடுத்துக்கொண்டார். விரல் பொய் சொல்லவில்லை. அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது.

விரல் பழகியது போன வருஷம் மே மாதம். காது போனது அதற்கு முந்தின மாதம், ஏப்ரலில். நடுவில் ஒரு சனிக்கிழமைச் சந்தை இருந்தது. அன்று மழை, கொண்டுவந்தவர்கள் குறைவு, வந்த மூன்றில் இரண்டைக் கண்ணால் பார்த்தே கழித்துவிட்டாள். மூன்றாவதை மட்டும் தட்டினாள். அந்த ஒன்றைத்தான் குருட்டாம்போக்கில் முழுசு என்று சொன்னாள்.

"டாயில்" என்றாள். "போன வருஷம் ஏப்ரல்ல நீ ஒரு மூணாம் நம்பர் எடுத்தியே. அது எங்க?"

"வீட்ல இருக்கு. நல்லாத்தான் இருக்கு. தெனம் அதுலதான் முட்டை பொரிக்கிறேன்." அவர் காகிதங்களைப் புரட்டினார். "அடுத்தது என்னப்பா, அந்தச் சோளரொட்டி சுடற தட்டா?"

"டாயில். அது மணி அடிச்சுதா?"

டாயில் மைக்கைக் கீழே வைத்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன், பிள்ளைகளிடம்கூடப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "இல்ல" என்றார். "அன்னைக்கே அடிக்கல."

"அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"கேட்டுச்சு. டொக்குன்னுது. நீ முழுசுன்னே. யாராவது வாங்கி ஏமாறக் கூடாதேன்னு நானே எடுத்துக்கிட்டேன்."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது, வில்டா? அந்த நாற்காலில உக்காந்தா உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதப் பிடுங்கச் சொல்றியா? அதுக்கப்புறம் நீ தட்டின ஒவ்வொண்ணையும் நான் காதைத் தீட்டிக்கிட்டுதான் கேட்டேன். ஒண்ணு தப்புன்னாலும் நிறுத்தியிருப்பேன். ஒண்ணும் தப்பில்ல."

நல்ல மனுஷன்தான். ஊரில் பாதிப்பேர் அவர் பக்கம்தான் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். ஆனால் வில்டாவுக்கு உச்சந்தலைவரை சூடேறியது. ஒன்றரை வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது தன் விரலின் தயவில் என்று அவள் பெருமைப்பட்டிருந்தாள். அதுவும் இல்லை, இன்னொருவர் போட்ட பிச்சை.

"இவங்க எல்லாரும் என்னை நம்பினாங்க டாயில். இவங்க முன்னாடி நான் வெக்கப்படறேன், சரி. நீ நம்பவே இல்ல. நம்பாம, நம்பற மாதிரி ஒவ்வொரு மாசமும் 'சொல்லு வில்டா'ன்னு என் மூஞ்சியப் பாத்துக் கேட்டே பாரு, அதுக்கு மில்லே தேவல. அது காதை மட்டும்தான் தின்னுச்சு."

டாயில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வில்டா குச்சியை ஐனா ஃபேயின் கையில் கொடுத்தாள். "படகை வித்தவளுக்கு வேற வேலை என்ன, உக்காரு" என்றாள். ஐனா ஃபே உட்கார்ந்தாள். வில்டா மேடையை விட்டு இறங்கி, முதல் வரிசையில் காலியாக இருந்த மடக்கு நாற்காலியில், வாங்க வந்தவர்களோடு ஒருத்தியாக உட்கார்ந்துகொண்டாள்.

டாயில் அடுத்த வாணலியைத் தூக்கிக் காட்டினார். ஐந்தாம் நம்பர். அவர் குரல் கடைசி வரிசைவரை போகவில்லை. ஐனா ஃபே அதை விரலில் தொங்கவிட்டுத் தட்டினாள். கூடம் அடங்கியது. பிறகு பழக்க தோஷத்தில், இருநூறு பேரும் திரும்பி, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த வில்டாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்கறீங்க?" என்றாள் வில்டா. "எனக்கும்தான் தெரியணும். அவளக் கேளுங்க."